கோர்ட் கலையும் வரை

ரோசம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். அப்படிச் சொன்னவர்கள் அதைச் சரியாக அளந்து பார்க்காதவர்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்பு ஆலை கேன்டீனில் அவள் பல வருஷம் சமையல் வேலை பார்த்தாள். மூன்று ஷிப்ட் ஆட்களில் ஒருவன்கூட அவள் சாம்பாரைக் குறை சொன்னதில்லை. சாம்பார் அவ்வளவு பிரமாதம் என்பதால் இல்லை. குறை சொன்னவனுக்கு அன்றைக்கே ஒரு பட்டப்பெயர் விழும், அது அவன் வேலையை விட்டுப் போகிற வரை ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஃபாதர்கூடப் பிரசங்கத்தை இழுக்கிறபோது பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையைப் பார்க்காமல் பேசப் பழகியிருந்தார்.

அவள் புருஷன் எட்வர்ட் அதே ஆலையில் கான்ட்ராக்ட் ஹெல்பர். பொய் சொல்வதில் மன்னன். கெடுதலான பொய் இல்லை, பெருக்கிச் சொல்கிற பொய். ஷிப்டில் ஒரு பாம்பு வந்தால் வீட்டுக்கு வருவதற்குள் அது மலைப்பாம்பாகி, அவன் அதைக் கையால் பிடித்து ஏரியில் விட்டிருப்பான். கூட வேலை செய்தவர்கள் அன்றைக்கு வந்தது ஓணான் என்பார்கள்.

எட்வர்ட் செத்த பிறகு தெருவே அவனைத் தங்கமான மனுஷன் என்றது. ரோசம்மாள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

“தங்கமா? தகரம். கூட வாழ்ந்தவ நான் சொல்றேன், கேட்டுக்க.”

துக்கத்துக்கு வந்தவர்கள் முன்னாலேயே இப்படிச் சொன்னாள். அவள் மகள் சோனியா, “மா, சும்மா இரு மா” என்று முந்தானையை இழுத்தாள்.

உண்மை என்னவென்றால், எட்வர்ட் சாகிற அன்று அவனுக்கும் ரோசம்மாளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சண்டைக்குக் காரணம் இரண்டு வான்கோழி. கிறிஸ்துமஸுக்கு என்று சொல்லி ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து சாக்கில் கட்டிக் கொண்டுவந்து விட்டான். அப்போது ஜூலை மாதம். அதுகள் இரண்டும் காலை முதல் சாயந்திரம் வரை தெருவில் போகிற வருகிறவர்களைத் துரத்தின. கேஸ் சிலிண்டர் போட வந்தவன் சிலிண்டரைப் போட்டுவிட்டு ஓடினான். ரோசம்மாள் நாலு நாளாக எட்வர்டோடு பேசவில்லை. வேலைக்குக் கிளம்பும்போது அவன் சோனியாவிடம், “உங்கம்மாகிட்ட சொல்லு, வான்கோழிக்குத் தண்ணி வெக்கணும்னு” என்றான். அடுப்படியிலிருந்து, “அவன் வாயில ஊத்தச் சொல்லு” என்று பதில் போனது. கடைசியாகப் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

அன்று வேலை முடிந்து வரும்போது சைக்கிள் செயின் கழன்றுவிட்டது. எட்வர்ட் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சர்வீஸ் ரோட்டின் ஓரமாக நடந்து வந்தான். இன்னும் வெளிச்சம் இருந்தது. எதிர்த் திசையில் வரக் கூடாத ஒரு வெள்ளைக் கார் வந்தது. சைக்கிளையும் அவனையும் அடித்துத் தூக்கிவிட்டு, பஸ் நிழற்குடைத் தூணில் முட்டி நின்றது. ஆட்கள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்கள். ஓட்டிவந்தவன் கண்ணைத் திறந்து பார்த்து, “இது எந்த டோல்கேட்?” என்று கேட்டான். இதைச் சாட்சிக் கூண்டில் ஏறி மூன்று பேர் சொன்னார்கள். மூன்று பேரும் சொல்லும்போது கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். ரோசம்மாளும் ஒரு தரம் சிரித்தாள், அப்புறம் அதற்காகவே அழுதாள்.

ஓட்டிவந்தவன் பெயர் வசந்தகுமார். அவன் அப்பாவுக்கு ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நல்ல நெல் வயல் இருந்தது. வயலை வரப்பு வரப்பாகக் கல் நட்டு மனையாக விற்று, ஊர் எல்லையில் ஆர்ச் கட்டி மகன் பெயரில் ஒரு நகரே வைத்துவிட்டார். வசந்தகுமாருக்கு வேலை என்று ஒன்று இல்லை. மனை பார்க்க வருகிறவர்களைக் காரில் கூட்டிப் போவான். அன்றைக்கு ஒரு மனை நல்ல விலைக்குப் போன குஷியில் மத்தியானமே ஆரம்பித்துவிட்டான். ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தத்தில் சாராயம் இருந்தது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

கேஸ் மூன்று வருஷம் நடந்தது. ரோசம்மாள் ஒரு வாய்தா விடாமல் போனாள். அவள் சாட்சி சொன்ன அன்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, “உங்க கணவர் குடிப்பாரா?” என்று கேட்டார்.

“குடிப்பாரு.”

“சம்பவத்தன்னிக்கு அவர்தான் குடிச்சிட்டு ரோட்டு நடுவுல தள்ளாடி வந்தாருன்னு சொல்றேன்.”

“சார், அவரு குடிச்சிட்டு வந்து என் உசுர எடுத்துக்கீறாரு, வாஸ்தவம். ஆனா அந்த ஓட்ட சைக்கிள வெச்சினு ஒரு தெருநாயக்கூட சாவடிக்க முடியாது. உங்காளு கொண்டாந்தது காரு.”

மாஜிஸ்ட்ரேட் தலை நிமிர்ந்து, “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா” என்றார்.

“அவரு கேட்டதுதான் சார் இது. நல்லாக் கேக்கச் சொல்லுங்க.”

அரசுத் தரப்பில் வாதாடிய ஏ.பி.பி. பூவராகவன் தலையைக் குனிந்து ஃபைலுக்குள் சிரித்துக்கொண்டார்.

தீர்ப்பு நாளில் மாஜிஸ்ட்ரேட் குற்றவாளி என்று சொன்னதும் சோனியா அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். இரண்டு வருஷம் வரை போடலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வசந்தகுமார் கைகட்டி நின்று தேம்பித் தேம்பி அழுதான். அவன் வக்கீல் எழுந்து, கட்சிக்காரர் இளைஞர், முதல் குற்றம், பெற்றோருக்கு ஒரே மகன், அடுத்து திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, கருணை காட்ட வேண்டும் என்றார்.

“என் புருசனுக்கும் கல்யாணம் ஆயிருந்துச்சு” என்றாள் ரோசம்மாள், பின்வரிசையிலிருந்து.

“சைலன்ஸ்” என்றார் டவாலி.

மாஜிஸ்ட்ரேட் கருணை காட்டினார். அபராதம், அதோடு நீதிமன்றம் கலையும் வரை சிறை. ரோசம்மாளுக்குச் சிறை என்ற வார்த்தை மட்டும் காதில் விழுந்தது. வெளியே வராந்தாவில் நின்ற ஏட்டு ஜெயராஜைப் பிடித்தாள்.

“ஏட்டய்யா, எந்த ஜெயிலு? புழலுக்கா இட்டுனு போவாங்க?”

“புழலா?” ஜெயராஜ் உள்ளே கையைக் காட்டினார். “தோ, அந்த பெஞ்சு.”

“பெஞ்சா?”

“கோர்ட் முடியற வரைக்கும் அங்க குந்தினு இருக்கணும். முடிஞ்சதும் ஊட்டுக்குப் போலாம்.”

ரோசம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள். விளையாடுகிறாரோ என்று சந்தேகம். அவர் விளையாடுகிற ஆள் இல்லை.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. சோனியா எவ்வளவோ கூப்பிட்டாள். எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். தண்டனை என்றால் என்ன என்று கண்ணால் பார்த்துவிடுவது என்று முடிவு. வசந்தகுமார் கண்ணைத் துடைத்துக்கொண்டான், கொஞ்ச நேரத்தில் போனை எடுத்து முழங்காலுக்கு நடுவில் வைத்துக் கொண்டு எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்தான். தலைக்கு மேல் ஃபேன் ஓடியது. அந்த ஹாலில் ஓடுகிற ஒரே ஃபேன் அதுதான். மத்தியானம் சினேகிதன் ஒருத்தன் பிரியாணி பார்சல் கொண்டுவந்தான். வராந்தாவில் நின்று சாப்பிட்டுவிட்டு, கைகழுவி, சிறைக்குத் திரும்பி வந்தான்.

அன்றைக்குப் பார்த்து ஆபீசில் யாருக்கோ ரிட்டயர்மென்ட். வழியனுப்பு விழாவுக்காக மாஜிஸ்ட்ரேட் சீக்கிரமே எழுந்துவிட்டார். கோர்ட் கலைந்தது, தண்டனையும் முடிந்தது. வசந்தகுமார் சோம்பல் முறித்துக்கொண்டு வெளியே நடந்தான். வாசலில் மேஜை போட்டு எல்லோருக்கும் கேக்கும் மிக்சரும் கொடுத்துக் கொண்டிருந்தார்கள். விழாவுக்கு வந்தவன் என்று நினைத்து அவன் கையிலும் ஒரு தட்டைத் திணித்தார்கள். அவன் வாங்கிக்கொண்டான்.

அந்த மிக்சர் தட்டுதான் ரோசம்மாளைத் தூங்கவிடவில்லை.

“அர நாள் லீவு போட்டா எங்க கேன்டீன்ல சம்பளம் புடிப்பான்” என்று சோனியாவிடம் சொன்னாள். “இவன் உங்கப்பன சாவடிச்சிட்டு அர நாள் குந்தினு மிச்சர் துன்னுட்டுப் போறான்டி. இதுக்குப் பேரு ஜெயிலா? நான் ரேஷன் கடை க்யூல இதவிட ஜாஸ்தி நேரம் குந்தினுகீறேன்.”

இந்தத் தண்டனையை மறுபடி யாராவது எடுத்துப் பார்க்க முடியுமா என்று விசாரிக்க அவள் கேன்டீனில் லீவு கேட்டாள். சூபர்வைசர் முதல் தடவை கொடுத்தான், இரண்டாவது தடவை முனகினான், மூன்றாவது தடவை, “செத்தவரு திரும்பியா வரப் போறாரு?” என்றான். ரோசம்மாள் அவனுக்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. அத்தோடு அவளுக்கு வேலை போயிற்று.

கோர்ட்டுக்கும் தினம் போகவேண்டும், வயிற்றையும் கழுவவேண்டும். யோசித்தாள். வான்கோழிகளைக் கேட்டுப் பலர் வந்தார்கள். அதுகளை மட்டும் விற்கவில்லை. தம்பியிடம் ஒரு தள்ளுவண்டி சும்மா கிடந்தது. அதைக் கழுவி, இரண்டு அடுப்பு, இட்லிக் குண்டான், பிளாஸ்டிக் ஸ்டூல் என்று சேர்த்து, கோர்ட் கேட்டுக்கு எதிரில் வேப்பமரத்தடியில் நாஷ்டா கடை போட்டாள்.

சோனியாவுக்கு மானம் போயிற்று. அவள் மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறாள். கம்பெனி பஸ் அந்த வழியாகத்தான் போகும். “கோர்ட்டு வாசல்ல போய்க் குந்திக்கினியே மா, எல்லாம் இன்னா நெனைப்பாங்க?”

“பசிச்சவன் இட்லின்னு நெனைப்பான். பசிக்காதவன் நெனைக்கறது நமக்கு எதுக்கு?”

கடை பிடித்துக்கொண்டது. வக்கீல்கள், குமாஸ்தாக்கள், போலீஸ்காரர்கள், வாய்தாவுக்கு வந்த கட்சிக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். தட்டில் இட்லி வைக்கும்போதே ரோசம்மாள் தன் கேள்வியையும் வைத்துவிடுவாள்: தண்டனை பத்தாது என்றால் என்ன செய்வது? ஒரு வக்கீல் ஹைகோர்ட்டுக்குப் போகவேண்டும் என்றார். இன்னொருவர் ஹைகோர்ட்டெல்லாம் வேண்டாம், புதிதாக ஒரு கம்ப்ளைன்ட் கொடு என்றார். பெரிய மீசை வைத்த ஒருவர், இதில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒன்று இருக்கிறது, நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லி மூன்று வாரம் சாப்பிட்டார். தீர்ப்பு வரவே இல்லை. கடைசியில் அவள் அவரிடம், “சார், அந்தத் தீர்ப்பு வேகறதுக்குள்ள என் மாவு புளிச்சுப் போயிரும் போலகீதே” என்றாள். அவர் அதன் பிறகு பக்கத்துத் தெரு பாய் கடைக்கு மாறிவிட்டார்.

நேராகப் பதில் சொன்னது ரம்யா என்கிற ஜூனியர் வக்கீல். சட்டப் படிப்பு முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். பெரிய கேஸ் எதுவும் கையில் இல்லை, ஆகவே பொய் சொல்ல அவசியமும் இல்லை.

“ஆன்ட்டி, விடுதலை பண்ணியிருந்தா நீங்களே அப்பீல் போடலாம். ஆனா தண்டனை கம்மின்னு அப்பீல் போடறது கவர்மெண்டுதான். ஏ.பி.பி. சார் ‘இது அப்பீலுக்கு உரிய கேஸ்’னு கருத்து எழுதணும். அது மேல போயி, கவர்மெண்டு உத்தரவு வந்து, அப்புறம் திருவள்ளூர்ல செஷன்ஸ் கோர்ட்டுல போடுவாங்க.”

“ஏ.பி.பி.ன்னா நம்ம பூவராகவன் சாரா?”

“அவரேதான்.”

“அந்தாளு எங்கிட்டதானே தெனம் துன்றாரு!”

பூவராகவன் கெட்டவர் இல்லை. அல்சர்காரர். மகள் பிரசவத்துக்காக மனைவி பெங்களூர் போயிருந்ததால் காலை வேளைக்கு ரோசம்மாளை நம்பியிருந்தார். சட்னி இல்லாமல், சாம்பார் இல்லாமல், இட்லியைத் தயிரில் தோய்த்துச் சாப்பிடுவார். வேலையில் அவருக்கு ஒரு கொள்கை உண்டு: முடிந்த ஃபைலைத் திறக்கக் கூடாது. அவர் மேஜையில் ஒரு காகிதம் நகர்கிறது என்றால் ஃபேன் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

“சார், என் கேஸுல கருத்து எய்தணுமாம், நீங்கதான் எய்தணுமாம்” என்று ரோசம்மாள் மறுநாளே ஆரம்பித்தாள்.

“இந்தாம்மா, அது நாம ஜெயிச்ச கேஸு. குற்றவாளின்னு தீர்ப்பு வந்தாச்சு. நான் ஜெயிச்சுக் குடுத்தது.”

“ஜெயிச்சவங்க மூஞ்சி இப்பிடியா சார் இருக்கும்? அவன் இல்ல மிச்சர் துன்னுட்டுப் போனான்.”

“பையன் பாவம்மா. கோர்ட்டுல அப்பிடி அழுதான். திருந்திட்டான்.”

“எங்கூட்டு வான்கோயிகூட கத்திய எடுத்தா அழுவுது சார்.”

பூவராகவனுக்கு இட்லி தொண்டையில் மாட்டியது. தண்ணீர் கொடுத்ததும் அவள்தான்.

இப்படி மாதக்கணக்கில் நடந்தது. ஒன்று சொல்லவேண்டும்: கோபத்தில் அவள் ஒருநாளும் அவர் தட்டில் ஆறின இட்லியை வைத்ததில்லை. வாய் மட்டும் ஓயாது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து ஸ்டூல்காரரிடம், “தெரியுமா சார், எங்க ஏ.பி.பி. சார் பெரிய கெட்டிக்காரரு. ஒரு ஆள் உசுருக்கு அர நாள் பெஞ்சு வாங்கிக் குடுத்துட்டாரு. வேற யாருனா இருந்தா ஒரு மணி நேரந்தான் கெடைச்சிருக்கும்” என்பாள். நடுவில் ஒரு திங்கட்கிழமை திருவள்ளூருக்குப் போய்க் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தாள். மனு மேலிருந்து கீழே ஒவ்வொரு படியாக இறங்கி, தக்க நடவடிக்கைக்காகப் பூவராகவன் மேஜைக்கே வந்து சேர்ந்தது.

“பாத்தீங்களா சார், கலெக்டருக்கே உங்களத்தான் புடிச்சுகீது” என்றாள்.

அவர் அந்த மனுவையும் ஃபேனுக்கு எட்டாத இடத்தில் வைத்தார்.

அவரை அசைத்தது ரோசம்மாள் இல்லை, கலெக்டரும் இல்லை. ஒரு ஃபிளெக்ஸ் பேனர்.

வசந்தகுமாருக்குக் கல்யாணம் வந்தது. சினேகிதர்கள் பஜார் முழுக்கப் பேனர் கட்டினார்கள். ஒன்று நாஷ்டா கடைக்கு நேர் எதிரில், கோர்ட் காம்பவுண்டை ஒட்டி. ஆளுயரத்தைப் போல இரண்டு மடங்கு. வசந்தகுமார் கறுப்புக் கண்ணாடி போட்டுப் புதுக் காரின் பானெட்டில் சாய்ந்துகொண்டிருந்தான். பின்னால் ஒரு புலி பாய்ந்துகொண்டிருந்தது. மேலே கொட்டை எழுத்தில்: ‘வழக்கை வென்ற வேங்கையே! வாழ்க்கையையும் வெல்ல வா!’

பூவராகவன் காலையில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, தயிரை ஊற்றி, தலை நிமிர்ந்து பார்த்தார். கையில் எடுத்த இட்லி கையிலேயே நின்றது.

“வழக்கை வென்ற…” என்று வாய்விட்டுப் படித்தார். “வென்றவனா? இவனா? குற்றவாளின்னு தீர்ப்பு வாங்குனது நான்!”

ரோசம்மாள் அன்றைக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. எங்கே எரிகிறதோ அங்கே விசிறத் தேவையில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“பதினோரு சாட்சி விசாரிச்சேன். டாக்டரை ரெண்டு தடவ கூப்பிட்டேன். இவன் வென்றானாம், புலி வேற!” அவருக்கு அல்சர் மறந்துவிட்டது. “ஏம்மா, கொஞ்சம் சட்னி போடு.”

சட்னியோடு நாலு இட்லி சாப்பிட்டார். எழுந்துபோய் பேனரை முன்னால் நின்று ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று போட்டோ பிடித்தார். நேரே ஆபீசுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மத்தியானம் சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரவில்லை. சாயந்திரம் வரும்போது கையில் பல பக்கக் கருத்துரை இருந்தது. செய்த குற்றத்துக்கும் கொடுத்த தண்டனைக்கும் சம்பந்தமே இல்லை, அழுகையை நம்பிக் காட்டிய கருணை வீணாகிவிட்டது, தாமதத்தை மன்னித்து மேல்முறையீடு செய்தே ஆகவேண்டும் என்று எழுதியிருந்தார். ரம்யா அதை வாங்கிப் படித்துவிட்டு, “சார் இவ்வளவு நல்லா எழுதுவாரா?” என்றாள்.

“எனக்காக எய்தலடி கண்ணு, புலிக்காக எய்தனது” என்றாள் ரோசம்மாள். “எதுக்காக இருந்தா இன்னா.”

ஃபைல் திருவள்ளூர் போய், சென்னை போய், கேள்வி கேட்டுத் திரும்பி வந்து, மறுபடி போய், உத்தரவாகி, செஷன்ஸ் கோர்ட்டில் நம்பர் ஆகிற வரைக்கும் ஒரு மழைக்காலம் போய்விட்டது. விசாரணை நாளில் ரோசம்மாள் கடைக்கு லீவு விட்டு, சோனியாவையும் ரம்யாவையும் கூட்டிக்கொண்டு பெரியபாளையம் வழியாகப் பஸ்ஸில் போனாள். ஒரு பஸ் மாறி, இன்னொரு பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தார்கள். வழியெல்லாம் அவள் இரண்டு பேச்சு தயார் செய்தாள். ஜெயித்தால் ஒன்று, தோற்றால் ஒன்று. தோற்றால் பேச வேண்டியதில் ஜட்ஜ், வக்கீல், சட்டம், சட்டத்தை எழுதினவர்கள் எல்லோருக்கும் பங்கு இருந்தது. ரம்யா கேட்டுவிட்டு, “ஆன்ட்டி, இதைச் சொன்னா உங்களைத்தான் உள்ள வைப்பாங்க” என்றாள்.

செஷன்ஸ் ஜட்ஜ் ஒரு பெண்மணி. மெல்லிய குரல், காதைத் தீட்டிக்கொண்டு கேட்கவேண்டும். வசந்தகுமாரின் வக்கீல் பெரிய ஆள், சென்னையிலிருந்து வந்திருந்தார். கட்சிக்காரருக்கு இப்போது மணமாகிவிட்டது, மனைவி முழுகாமல் இருக்கிறாள், நடந்ததை நினைத்துத் தினமும் வருந்துகிறார் என்றார். அரசு வக்கீல் பேனர் போட்டோவை நீட்டினார். ஜட்ஜ் அதை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்து, அதே மெல்லிய குரலில் வாய்விட்டுப் படித்தார். வேங்கை என்ற இடத்தில் பின்னால் யாரோ செருமினார்கள்.

“இது நண்பர்கள் அன்பு மிகுதியால்…” என்றார் வக்கீல்.

“இந்தப் புலியும் வருந்துகிறதா?” என்று கேட்டுவிட்டு ஜட்ஜ் போட்டோவை ஃபைலில் வைத்தார்.

இரண்டு வாய்தா கழித்துத் தீர்ப்பு. குடித்துவிட்டு, தவறான திசையில் காரை ஓட்டி ஒரு மனிதரைக் கொன்றதற்கு அரை நாள் பெஞ்சில் உட்காருவது தண்டனை ஆகாது, அது நேரப்போக்கு என்று ஜட்ஜ் சொன்னார். ஒரு வருஷம் சிறை.

ரோசம்மாளுக்கு முதலில் கேட்கவில்லை. ரம்யா காதில் சொன்னாள். தயார் செய்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. வராந்தாவுக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தச் சேதியை எட்வர்டிடம் சொல்லியிருந்தால் சாயந்திரத்துக்குள் அவன் தெருவெல்லாம் போய், ஜட்ஜே தன்னைக் கூப்பிட்டுத்தான் எத்தனை வருஷம் போடலாம் என்று கேட்டார் என்று சொல்லியிருப்பான். அந்தப் பொய்யைக் கேட்க வேண்டும்போல இருந்தது. அப்போதுதான் அழுதாள், மூக்கைச் சிந்திச் சத்தமாக, கோர்ட் டவாலி வந்து பார்க்கிற அளவுக்கு.

அதோடு முடியவில்லை. வசந்தகுமார் தரப்பு ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. அங்கே அந்த ஒரு வருஷத் தண்டனை ஒன்பது மாதமாகக் குறைந்தது. “ஆடித் தள்ளுபடி” என்றாள் ரோசம்மாள். ஆனால் அதற்குக் கீழே ஹைகோர்ட் இறங்கவில்லை. பழைய கோர்ட்டில் சரணடைந்து ஜெயிலுக்குப் போகவேண்டும் என்று உத்தரவாயிற்று.

வசந்தகுமார் சரணடைய வந்த அன்று ரோசம்மாள் கடை வழக்கம்போலத் திறந்திருந்தது. அவன் வீட்டார் அவனைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டார்கள். பேப்பர் வேலை முடிந்து வேன் கிளம்ப நேரமாகும் என்று ஏட்டு ஜெயராஜ் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு அம்மாள் சாலையைக் கடந்து கடைக்கு வந்து நின்றாள். பட்டுப்போன்ற புடவை, கழுத்தில் கனமான சங்கிலி, முகம் வீங்கியிருந்தது. வசந்தகுமாரின் அம்மா ஈஸ்வரி. இத்தனை வருஷ வாய்தாவில் இரண்டு பேரும் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு வார்த்தை பேசினதில்லை. ரோசம்மாள் வகையறா ஒரு காலத்தில் அந்த வீட்டு வயலில் நாற்று நட்டவர்கள். அந்த வீட்டுக்காரர்கள் இவர்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள்.

“நாலு இட்லி பார்சல் வேணும்” என்றாள் ஈஸ்வரி, தட்டைப் பார்த்துக்கொண்டே. “பையன் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. உள்ள போனா எப்ப குடுப்பாங்கன்னு தெரியல.”

சாப்பிட்டுக்கொண்டிருந்த வக்கீல்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். ரோசம்மாள் என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்க ஜெயராஜ்கூட ஒரு அடி முன்னால் வந்தார். அவள் வாயில் குறைந்தது ஆறு பதில் தயாராக இருந்தது, எல்லாமே நல்ல பதில். அவள் குண்டான் மூடியைத் திறந்தாள். ஆவி அடித்தது.

“நாலு பத்துமா? வளந்த ஆளு” என்றாள். “ஆறு வெக்கறேன்.”

ரோசம்மாள் இலையைப் போட்டுக் கட்டினாள், சட்னியைத் தனியாக முடிந்தாள்.

“ஜெயில்ல காலையில இன்னா குடுப்பாங்க?” ஈஸ்வரி யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. ஜெயராஜ்தான் பதில் சொன்னார். “பொங்கலு, உப்புமா, மாத்தி மாத்தி வரும்மா.”

“அவனுக்கு உப்புமா தொண்டையில எறங்காது.”

“எறங்கும்” என்றாள் ரோசம்மாள். “பசிச்சா எல்லாம் எறங்கும். என் பொண்ணுக்கு அப்பன் செத்த மறுவாரமே எறங்குச்சு.”

ஈஸ்வரி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தார்கள். அவள் காசை எடுத்து நீட்டினாள். ரோசம்மாள் வாங்கி டப்பாவில் போட்டாள், மீதியும் கொடுத்தாள். சும்மா கொடுத்தால் மன்னித்துவிட்டதாக ஊர் பேசும், அவளுக்கு மன்னிக்கிற உத்தேசம் இல்லை. ஈஸ்வரி பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள்.

வசந்தகுமார் வேன் படியில் உட்கார்ந்து சாப்பிட்டான். ஆறும் சாப்பிட்டான். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அவன் முகம் சின்னதாக இருந்தது. அப்புறம் கதவைச் சாத்தினார்கள். வேன் பஜார் பக்கம் திரும்பிப் போயிற்று.

பூவராகவன் அன்றைக்குச் சட்னியோடுதான் சாப்பிட்டார். போகும்போது, “திருப்தியாம்மா?” என்று கேட்டார்.

“தட்டக் கய்வுற தொட்டியில போடுங்க சார், கீய வெக்காதீங்க” என்றாள் அவள்.

மத்தியானம் ஷிப்ட் இடைவேளையில் சோனியா போன் செய்தாள். “போய்ட்டானா மா?”

“போய்ட்டான்.”

“சந்தோசமா கீதா?”

ரோசம்மாள் யோசித்துப் பார்த்தாள். “சந்தோசம்லாம் ஒன்னியும் இல்லடி. காலு வலிக்குது. நாளிக்கு லோக் அதாலத்தாம், கும்பல் வரும்னு ஏட்டய்யா சொல்றாரு. நீ வர்றப்ப உளுந்து வாங்கினு வா. போன தபா மாதிரி வாங்காத, எல்லாம் சொத்த.”